ராஜமுந்திரியிலிருந்து ஹூப்ளிக்கு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. அம்மா ஹூப்ளிக்குப் போனாள்.

2. அண்ணி மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தார். பேரனைப் பள்ளி வேனில் ஏற்றவும் இறக்கவும் அப்பா ராஜமுந்திரிக்குப் போனார்.

3. தாம்பரத்துக்குப் பக்கத்தில் செம்பாக்கம் வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

4. ராஜமுந்திரிக்கும் ஹூப்ளிக்கும் இடையே எழுநூற்று நாற்பத்தாறு கிலோமீட்டர், விமானத்தில் ஒரு மணி இருபத்தாறு நிமிடம் என்று நான் வேலை பார்க்கும் பயண இணையதளத்தில் அப்பா படித்தார்.

5. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருவதாக அம்மாவிடம் சொன்னார்.

6. அம்மா வாழைப்பூ வாங்கினாள்.

7. அப்படி ஒரு விமானம் கிடையாது.

ஏழாவதை முதலில் விளக்கிவிடுகிறேன். எங்கள் இணையதளத்தில் நாட்டின் விமான நிலையங்களை எல்லாம் ஒன்றோடொன்று ஜோடி சேர்த்து, ஜோடிக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். யாராவது இணையத்தில் தேடினால் நம் பக்கம் மேலே வரவேண்டும் என்பதற்காக. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் போதும். பூமியை ஒரு பந்தாக எடுத்துக்கொண்டு அதன் மேல் மிகக் குறுகிய கோட்டைக் கணக்கிட்டு, விமானத்தின் சராசரி வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் கூட்டினால் பயண நேரம் வந்துவிடும். அந்த வழியில் விமானம் பறக்கிறதா என்பது கணக்குக்குத் தேவையில்லை. அதற்குத் தனியாக ஒரு வரி உண்டு. ராஜமுந்திரி–ஹூப்ளி பக்கத்தில் அந்த வரி, "நேரடி விமானம் பற்றிய தகவல் இல்லை" என்று இருந்தது. இந்தப் பக்கங்கள் அனைத்தையும் உருவாக்கும் நிரலில் என் பங்கும் உண்டு.

அப்பா ஓய்வு பெறும்வரை பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயில், மறுபடி பீச்சிலிருந்து தாம்பரம். வெளியூர் போவதென்றாலும் முதலில் நிலையத்துக்குப் போவார், விசாரணையில் கேட்பார், சீட்டு எடுப்பார், வண்டி ஏறுவார். அவர் அறிந்த பயணம் அவ்வளவுதான். ராஜமுந்திரிக்கு முதன்முறை விமானத்தில் போனபோது அண்ணனே வந்து அழைத்துப் போனான். சீட்டு அண்ணனுடைய கைப்பேசியில் இருந்ததால் அது எப்போது, எங்கே வாங்கப்பட்டது என்பதை அப்பா பார்க்கவே இல்லை.

அம்மாவும் அப்பாவும் பிரிந்து போனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. காணொளி அழைப்பில் எல்லோரும் பேசினோம். அக்காவுக்குக் கைக்குழந்தை. அண்ணன் வீட்டில் பையன் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு ஆள் இல்லை. ஆளுக்கு ஒருவர் என்பது அப்போது மிகச் சரியான ஏற்பாடாகத் தெரிந்தது. குழப்பம் வரக்கூடாது என்று நான்தான் குடும்பக் குழுவில் மூன்று வரியாக எழுதிப் போட்டேன். அம்மா: ஹூப்ளி. அப்பா: ராஜமுந்திரி. வீடு: நான். அண்ணனும் அக்காவும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். அம்மா இரண்டு கைகளைக் கூப்பினாள். அப்பா படித்துவிட்டார் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

வீடு எனக்குப் பழக நாளானது. அவர்கள் இருந்தபோது காலையில் அப்பா மோட்டார் போடுவார், போட்டுவிட்டு மறந்துபோவார். மாடியில் தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்ததும் அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள். "என்னங்க, தண்ணி ஊருக்கே போவுது." அவர் எழுந்து நிறுத்துவதற்குள் பக்கத்து வீட்டுச் சுவர் நனைந்திருக்கும். பிறகு யார் மறந்தது என்பது பற்றி ஒரு வாக்குவாதம். அது காபி ஆறும்வரை நடக்கும். அவர்கள் போன பிறகு தொட்டியில் ஓர் உணரி பொருத்தினேன். நீர் நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றுவிடும். நல்ல கருவிதான். இப்போதெல்லாம் காலையில் கேட்பது விமானப்படை ஓடுதளத்திலிருந்து கிளம்பும் சிறு விமானங்களின் சத்தம் மட்டும்.

அந்தச் சனிக்கிழமை நான் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கூப்பிட்டார். பின்னணியில் வண்டிகளின் இரைச்சல் கேட்டது.

"எங்கப்பா இருக்கீங்க?"

"ஏர்போர்ட் வாசல்லமா."

"எந்த ஏர்போர்ட்டு?"

"இந்த ஊர்ல எத்தன இருக்கு? உள்ள விட மாட்டேங்கறாங்கமா. டிக்கெட் கேக்கறாங்க. உள்ள போயிதான டிக்கெட் எடுக்கணும், நீங்க வுட்டாதான எடுக்க முடியும்னு சொல்றேன். சிரிக்கறாங்க."

"டிக்கெட் எங்க போறதுக்கு?"

"குழந்தயப் பாத்துட்டு வரலாம்னு. நாளைக்கு ராத்திரிக்குள்ள திரும்பிடலாம். உங்கண்ணன் எல்லாரும் விசாகப்பட்டினம் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. எனக்கு இங்க வேல எதுவும் இல்ல."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு? ஒன்ற மணி நேரம். தாம்பரத்துலேர்ந்து பீச்சுக்குப் போறாப்பல."

கைப்பிடிச் சுவரில் ஈரத்துணியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து ஹூப்ளிக்கு நேராக எதுவும் பறப்பதில்லை என்று சொன்னேன். ஹைதராபாத்தில் மாற வேண்டும், அடுத்ததற்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டும், போய்ச் சேர்கிற நேரத்தில் திரும்பவேண்டியிருக்கும் என்று சொன்னேன்.

"உங்க கம்பெனியிலதானமா போட்டிருக்கு?"

"அது தூரம்ப்பா. ப்ளேன் இல்ல."

"தூரம் போட்டிருக்கீங்க, டைம் போட்டிருக்கீங்க."

"கீழ ஒரு லைன் இருந்துதே, பாக்கலையா? நேரடி விமானம் பத்தித் தகவல் இல்லைன்னு."

"தெனம் பாக்கறேன். தகவல் இல்லைன்னா விசாரணையில கேட்டுக்கணும். ப்ளேனே இல்லைன்னு நீ போடலையே." குரலில் கோபம் இல்லை. அலுவலகக் கோப்பில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டுவது போலச் சொன்னார். அப்புறம், "வாசல்ல இருக்கற துப்பாக்கிக்காரர் தங்கமானவரு. உக்கார நாற்காலி கொடுத்தாரு," என்றார்.

ஒரு வாடகை வண்டி வரவழைத்து அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு என்றார். தானே சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

அம்மாவைக் கூப்பிட்டேன். கைப்பேசியோடு பால்கனிக்கு வந்து தணிந்த குரலில் பேசினாள். விஷயத்தைச் சொன்னேன். பிறகு, "நல்லதாப் போச்சு. மாப்பிள்ள என்ன நினைப்பாரோன்னு இருந்துது. பொண்டாட்டியப் பாக்க ப்ளேன் ஏறி வந்துட்டாருன்னு," என்றாள்.

"குழந்தயப் பாக்க வர்றேன்னுதானம்மா சொன்னாரு."

"என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு."

வாழைப்பூ என்ன ஆயிற்று என்று கேட்டேன். அக்காவுக்கும் மாமாவுக்கும் வாழைப்பூ பிடிக்காது. எங்கள் வீட்டிலேயே அதை அப்பா ஒருவர்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

"ஆஞ்சு மோர்ல போட்டுட்டேன். என்ன பண்றது? நானே சாப்புடறேன். ஏன்டி, இல்லாத ப்ளேனுக்கு எதுக்கு நேரம் போடறீங்க?"

பந்து, கோடு, சராசரி வேகம் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்டுக்கொண்டாள். "அப்ப, இருந்தா ஒன்ற மணி நேரந்தான்."

"ஆமாம்மா. இருந்தா."

"நானும் தெனம் பாக்கறேன். ஒன்னு இருபத்தாறுன்னே காட்டுது. கூடவும் இல்ல, கொறயவும் இல்ல."

அது மாறாதும்மா, இரண்டு ஊரும் இடம் மாறினால்தான் மாறும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஆள் வராத ஒரு பக்கத்தை இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு பேர் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அம்மா பார்க்கிறாள் என்பது அப்பாவுக்குத் தெரியாது. அப்பா பார்க்கிறார் என்பதே அம்மாவுக்கு அந்த வாரம்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் என் குழுத் தலைவரிடம் அந்த வரியைப் பற்றிப் பேசினேன். "நேரடி விமானம் இல்லை" என்று தெளிவாகப் போடலாமே என்றேன். நாளைக்கே யாராவது விமானம் விட்டால் என்ன செய்வது என்றார் அவர். "அதுவும் ராஜமுந்திரி–ஹூப்ளியா? அந்தப் பேஜ யாரு பாக்கப் போறாங்க?" நான் என் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. கிழக்குத் தாம்பரத்து வங்கியில் அம்மா அப்பா இருவர் பெயரிலும் ஒரு பெட்டகம் இருக்கிறது. அம்மாவின் வளையல்களும் வீட்டுப் பத்திரமும் அதில்தான். பெட்டகத்துக்குப் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். வங்கிக்குப் போய் விசாரித்தேன். இருவரும் எப்போது முடிகிறதோ அப்போது, தனித்தனியாகக்கூட வரலாம், அவசரம் இல்லை என்றார்கள்.

அன்று மாலை குடும்பக் குழுவில், இருவரும் இந்த மாதத்துக்குள் ஒரே நாளில் நேரில் வரவேண்டும் என்று எழுதினேன்.

ஐந்து நிமிடத்தில் அண்ணன் கூப்பிட்டான். "முன்னாடியே சொல்லக் கூடாதா? வர வெள்ளிக்கிழமைக்கு அப்பாக்கு டிக்கெட் போட்டுடறேன். பாட்டி வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் இருடான்னா இவனும் குதிப்பான், உங்கண்ணியோட அம்மா வீடு பஸ்ல போற தூரந்தான்." அக்கா, "ரெண்டு நாள்தான? நான் லீவு சொல்லிடறேன். அம்மாவ அனுப்பறேன்," என்றாள். இரவுச் சாப்பாட்டுக்குள் இரண்டு சீட்டுகளும் குழுவில் வந்து விழுந்தன. வங்கிக் கையெழுத்து என்றால் எங்கள் வீட்டில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று யோசித்தேன். மறுத்திருக்க மாட்டார்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டும் என்றிருப்பார்கள். அதுவும் நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை மீனம்பாக்கத்துக்கு முதலில் வந்தது அம்மா. கையில் தார்வாட் பேடா பெட்டி. அடுத்த விமானத்துக்கு நேரம் இருந்தது. வண்டியில் போய் உட்காரலாம் என்றேன். "இங்கயே நிக்கலாம், காத்து வருது," என்றாள். வருகை வாசலில் காற்று என்று எதுவும் வரவில்லை. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். என்னிடம் திரும்பி, "முடி கலஞ்சிருக்கா?" என்று கேட்டாள்.

அப்பா தள்ளுவண்டி எதுவும் எடுக்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். கையில் பூதரேகுலு இனிப்புப் பெட்டி. அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"வந்துட்டியா," என்றார்.

"இளைச்சிட்டீங்க."

"சட்ட பெருசு."

இருவரும் கையிலிருந்த பெட்டிகளை மாற்றிக்கொண்டார்கள்.

படப்பைக்காரர் ஒருவர் வண்டி ஓட்டி வந்திருந்தார். பல்லாவரம் நெரிசலில் வண்டி நின்றபோது கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தார். "இன்னா சார், நீங்க ஒரு ஊர்லேர்ந்து வர்றீங்க, அம்மா வேற ஊர்லேர்ந்து வர்றாங்க. ரெண்டு பேருக்கும் எதனா சண்டையா?"

"சண்ட போடறதுக்கே ஒரு ஊர்ல இருக்கணுமேப்பா," என்றாள் அம்மா.

ஓட்டுநர் பலமாகச் சிரித்தார். "அதுவும் கரீட்டுதாம்மா. எங்க வூட்ல ஒரே ரூமு. பேஜாரு."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் சமையலறையைச் சோதனை போட்டாள். கடுகு டப்பாவில் சீரகம் இருப்பதற்கு விளக்கம் கேட்டாள். அப்பா வேட்டிக்கு மாறி மாடிக்குப் போய், நான் பொருத்திய உணரியை வெகுநேரம் பார்த்தார். நல்லா வேலை செய்யுதா என்று கேட்டார். செய்கிறது என்றேன். தலையை ஆட்டினார்.

இரவு தூங்கும் முன் வழக்கம் போல மின்விசிறிச் சண்டை வந்தது. மூன்றில் வைத்தால் அவருக்குப் புழுக்கம், ஐந்தில் வைத்தால் அவளுக்குத் தலைவலி. "அங்க ஏசில படுத்துப் படுத்துக் கெட்டுப்போயிட்டீங்க." "நீ மட்டும்? ஹூப்ளி குளிரு. அதான் உனக்கு இங்க காத்தே ஆவ மாட்டேங்குது." நான் என் அறையில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். சண்டை நான்கில் முடிந்தது. இத்தனை மாதம் இந்த வீட்டில் நான் என்ன சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது புரிந்தது.

மறுநாள் வங்கி. மேலாளராக இருந்த அம்மையார் ஒப்பந்தத்தைத் திருப்பிக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். முகவரிக்குக் கீழே தொடர்புக்கு என்று இரண்டு ஊர்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"ராஜமுந்திரிலேர்ந்தும் ஹூப்ளிலேர்ந்தும் இதுக்காகவா வந்தீங்க? ஒரே நாள்ல வரணும்னு இல்லையே சார். தனித்தனியா வந்தாலே போதும்னு உங்க பொண்ணுகிட்ட சொன்னோமே."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

"பரவால்லமா," என்றார் அப்பா. "பக்கந்தான்."

வெளியே வந்தோம். படியிறங்கிக்கொண்டே அப்பா, "அடுத்தது எந்த ஆபீஸ்மா?" என்று கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டாள். "கேஸ் கனெக்‌ஷன் என் பேர்ல இருக்கு. உங்க பேருக்கு மாத்தணும்னு சொல்லலாம்."

"அதுக்கு நான் எதுக்கு வரணும்?"

"கையெழுத்துக்கு."

"ஆன்லைன்லயே பண்ணிடலாமாம்."

"அது உங்க புள்ளைக்குத் தெரியுமா?"

அப்பா யோசித்தார். "தெரியும்," என்றார் வருத்தமாக.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பகலில் விமானம், அம்மாவுக்கு மாலையில். அம்மா மதியம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம். ஆனால் இரண்டு தடவை வண்டிக் காசு எதற்கு என்று சொல்லிவிட்டு அப்பாவுடனே கிளம்பிவிட்டாள். நுழைவாயிலில் இருவரும் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவ்வளவு முன்னதாக அவளை உள்ளே விடுவார்களோ என்று நான் கவலைப்பட்டேன். விட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா அம்மாவின் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொள்வது தெரிந்தது. அவள் வேண்டாம் என்கிறாள், அவர் கேட்கவில்லை. கூட்டம் மறைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாலையைக் கடந்து திரிசூலத்தில் ரயில் ஏறினேன்.

அடுத்த வாரம் எரிவாயு இணைப்பு பற்றிக் குழுவில் போட ஒரு செய்தியை எழுத ஆரம்பித்தேன். பொய்யாக இருந்தாலும் வரிசை எண் போட்டுத்தான் எழுத வந்தது. இரண்டாவது எண்ணில் நிறுத்தி அதை அழித்தேன். அண்ணனையும் அக்காவையும் ஒரே அழைப்பில் கூப்பிட்டு, அம்மாவும் அப்பாவும் ஒன்றாக இருக்க ஆசைப்படுகிறார்கள் என்றேன்.

"அப்பா என்கிட்ட எதுவும் சொல்லலையே," என்றான் அண்ணன்.

"சொல்ல மாட்டாரு."

"இங்க அவருக்கு என்ன குற?"

"ஒரு குறையும் இல்லண்ணா. அம்மா இல்ல."

அக்கா, "நான் என்ன அம்மாவக் கட்டியா போட்டிருக்கேன்?" என்றாள். குழந்தை அழ ஆரம்பித்ததால் அழைப்பை வைத்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்து அவளே எனக்குத் தனியாகக் கூப்பிட்டாள். அப்பா வராத அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வாழைப்பூவைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தேன், எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை என்றாள்.

இப்போதைய நிலை இது. அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேடுகிறாள். இருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், சரிப்படவில்லை. முழுப்பரீட்சை முடியட்டும், அப்பாவைக் கொண்டுவந்து விடுகிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். தேதி சொல்லவில்லை. அம்மாவிடமும் அப்பாவிடமும் நாங்கள் இதைச் சொல்லிவிட்டோம். இருவரும் சரி என்றார்கள், எப்போது என்று கேட்கவில்லை. அம்மா ஹூப்ளியில் இருக்கிறாள். அப்பா ராஜமுந்திரியில் இருக்கிறார்.